ஸ்பெல்லிங் கேட்கும் டீச்சர்

"டீச்சர், கத்தரிக்காய்க்கு இங்கிலீஷ்ல நடுவுல ஜீ வருமா, ஜே வருமாங்க?"

மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வரும். அந்தப் பக்கம் அவளுடைய மூன்றாம் வகுப்பு, இந்தப் பக்கம் என்னுடைய நான்காம் வகுப்பு. ஒரே கூடத்தைத் தட்டி வைத்துத் தடுத்திருந்தார்கள். அவள் வகுப்பில் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காதில் விழும்படிதான் கேட்பாள்.

"ஜே" என்பேன், பலகையிலிருந்து திரும்பாமலே.

"ஜேவாம்டா! நானும் ஜீன்னுதான் நெனச்சேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

குன்னத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகவேண்டிய ஊர் எங்கள் பள்ளிக்கூடம் இருந்த ஊர். சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். நான் அவளுக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். திருச்சியில் இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்துவிட்டு, பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்தவள். எச்.எம். சார் ஆபீசுக்கு ஏதாவது இங்கிலீஷில் எழுதி அனுப்ப வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார். ஒரு டீச்சர் தனக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்பதைப் பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொள்வது, வகுப்பறையில் தலையை அவிழ்த்துப்போட்டுக்கொண்டு உட்காருவது மாதிரி எனக்குப் பட்டது. வந்த புதிதில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பசங்க எதிர்ல இப்படி கேக்காதீங்க டீச்சர். மதிக்க மாட்டாங்க."

"அப்படீங்களா?" என்றாள். "தெரியாததக் கேக்குறதுக்கு எப்படி டீச்சர் மதிக்காம போவாங்க?"

அது எதிர்ப்பேச்சு இல்லை. நிஜமாகவே என்னிடம் விளக்கம் கேட்டாள்.

அவள் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்பாள். கண்டக்டரிடம், "ஏங்க, இந்த டிக்கெட்ல ஓட்டை போடுறீங்களே, அது எதுக்கு?" என்பாள். சத்துணவு சமைக்கிற அம்மாவிடம் சாம்பாருக்கு ஏன் கடைசியில் உப்புப் போடுகிறாள் என்று கேட்பாள். ஆய்வுக்கு வரும் அதிகாரியிடமே, "சார், இந்தக் கேள்வி எனக்குப் புரியலீங்க, திருப்பிச் சொல்லுங்க" என்பாள். கேட்கப்பட்டவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். தங்களிடம் இவ்வளவு பெரிய விஷயம் இருப்பது அப்போதுதான் தெரிந்த மாதிரி மலர்ந்துபோவார்கள். அப்புறம் அவளுக்காக எதையும் செய்வார்கள்.

எனக்குக் கேட்க வராது. கடையில் விலை கேட்கவே இரண்டு தடவை யோசிப்பேன். புது ஊரில் இறங்கினால் வழி கேட்க மாட்டேன். சுற்றி அலைந்தாவது நானே கண்டுபிடிப்பேன். தெரியாது என்று சொல்வதற்கு என் நாக்கைப் பழக்கவே இல்லை. அதனால் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். அது எரிச்சல் இல்லை, பொறாமை என்று புரிய எனக்கு நாளாயிற்று.

அவள் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். சனிக்கிழமைகளில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அவரோடு பேசிவிட்டு வருவாள். ஒருநாள் பேசி முடித்ததும் சென்டர்காரரிடம் கேட்டிருக்கிறாள்: "ஏங்க, இதுல பசங்களுக்கு ஸ்பெல்லிங் சொல்லித் தர எதாச்சும் இருக்குமாங்க?"

அவர் தேடிக் கொடுத்திருக்கிறார்.

திங்கட்கிழமை அவள் வந்தபோது கையில் சுருட்டிய காகிதங்கள். கலர் பிரிண்ட். அட்டையில் ஒட்டி, எழுத்து எழுத்தாக வெட்டி வைத்திருந்தாள். ஒரு வார்த்தையை அடித்தால் அதிலுள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு போட்டோ கொடுக்கிற வெப்சைட்டாம் அது. எங்கேயோ ஒரு ஊரில் யாரோ எடுத்த போட்டோக்கள். கடைப் பலகையில் இருந்த எழுத்து, கதவில் பதித்திருந்த எழுத்து, சுவரில் பெயிண்ட் அடித்த எழுத்து. பிடிக்கவில்லையென்றால் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினால் வேறு ஒன்று வருமாம்.

முதலில் அவள் எடுத்து வந்தது வெங்காயம். ஆனியன். ஊரில் எல்லார் வீட்டு முற்றத்திலும் கொட்டிக்கிடக்கிற பொருள். நான் எத்தனையோ தடவை பலகையில் எழுதிப் போட்டும் ஆளுக்கு ஒரு விதமாக எழுதிய வார்த்தை.

தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். முதல் ஓ ஏதோ இரும்பு மூடி. அடுத்த 'என்' சிவப்பாக எரிகிற டியூப் லைட். ஐ, ஒற்றையாக நிற்கிற விளக்குக் கம்பம். இரண்டாவது ஓ நடுவில் துளை போட்ட ஏதோ பலகாரம்.

"உளுந்து வடை டீச்சர்!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"வடையாத்தான் இருக்கும். அப்ப இந்த வார்த்தையில வடை எங்க வருது?"

"விளக்குக் கம்பத்துக்கு அடுத்து!"

"வடை இல்லாம எழுதுனா?"

"பசிக்கும் டீச்சர்!"

கூடமே சிரித்தது. என் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர்கள் என் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு காதைத் தட்டிக்குக் கொடுத்திருந்தார்கள். அடுத்த நாள் நான் டிக்டேஷன் வைத்தபோது ஆனியன் சொன்னேன். என் வகுப்பில் எல்லோரும் சரியாக எழுதினார்கள். எழுதும்போது "வடை, வடை" என்று வாய்க்குள் முனகினார்கள். நான் சொல்லிக்கொடுத்தபோது வராத வார்த்தை, தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து வந்துவிட்டது.

என்னையும் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சென்டருக்குக் கூட்டிப்போனாள். "நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும், வாங்க டீச்சர்" என்றாள். போனேன். அது என்ன மாயம் என்று பார்க்கத்தான் போனேன்.

திரை போட்ட சின்னத் தடுப்பு. இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்தோம். இன்டர்நெட் மெதுவாக வந்த காலம். படங்கள் தலையிலிருந்து கீழே கோடு கோடாக இறங்கின. அவளுக்கு அது இன்னும் சந்தோஷமாகிவிட்டது. பாதி இறங்கும்போதே, "இது பீயா ஆரா சொல்லுங்க டீச்சர், சீக்கிரம்" என்று என்னை இடித்தாள். நான் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் ஆர் என்று சொல்லிக்கொண்டேன். ஆர்தான் வந்தது.

அப்புறம் மக்காச்சோளத்துக்கு மெய்ஸ் என்று அடித்தாள். எம், ஏ, இசட், இ. நான்கு எழுத்தும் அழகழகாக வந்து நின்றன. பிரிண்ட் கொடுக்கப் போனாள்.

"ஐ விட்டுப்போச்சு" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்துத் தடுப்பில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இப்படி எழுதினா சோளம் இல்ல. வழி தெரியாம சுத்திச் சுத்தி வர்ற எடம், அதுக்கு இந்த ஸ்பெல்லிங்."

அந்த மிஷினுக்கும் ஸ்பெல்லிங் தெரியாது. தப்பாக அடித்தால் தப்புக்கும் படம் காட்டும். எனக்கு அதில் எவ்வளவு திருப்தி! இத்தனை நாள் கழித்து, அவள் கண்டுபிடித்துக் கொண்டுவந்த அதிசயத்துக்கும் மேலே நான்தான் நின்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயய்யோ, நல்லவேளை நீங்க வந்தீங்க" என்றாள். ஆனால் அந்தத் தப்புப் பிரிண்டையும் விடாமல் எடுத்துக்கொண்டாள்.

எதற்கு என்று மறுநாள் காலையில் தெரிந்தது.

"நேத்து டீச்சர் தப்பா அடிச்சிட்டேன்டா. நாலாங்கிளாஸ் டீச்சர்தான் கண்டுபிடிச்சாங்க. இதுல ஒரு ஆள் காணாமப் போயிட்டாரு. யாருன்னு கண்டுபிடிச்சு, எங்க நின்னாரோ அங்க நிறுத்துங்க பாப்போம்!"

பிள்ளைகள் அட்டைகளைக் கலைத்துப்போட்டுத் தேடிய சத்தம் மழை மாதிரி கேட்டது. ஒருவன் விளக்குக் கம்பத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து சரியான இடத்தில் வைத்தான். அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. காணாமல்போன எழுத்து. தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் விளையாடினார்கள். என் திருப்தியின் ஆயுள் ஒரே ஒரு ராத்திரிதான்.

கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. ஆய்வுக்கு வந்தபோதும் இதுதான் நடந்தது. மூன்றாம் வகுப்பில் நெடுநேரம் நின்று பார்த்தார். பிள்ளைகள் அவர் சொன்ன வார்த்தைகளையெல்லாம் அட்டைகளால் கூட்டிக் காட்டினார்கள். "ஏம்மா, இது உங்க ஐடியாவா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார். இது கம்ப்யூட்டர்ல கெடைச்சது. ஸ்பெல்லிங் எல்லாம் டீச்சர் பாத்துக் குடுத்ததுங்க" என்று என்னைக் காட்டினாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நல்லா ஹெல்ப் பண்றீங்க. கன்டினியூ பண்ணுங்க" என்றார்.

ஹெல்ப். அந்த ஒரு வார்த்தையை வீடு வரைக்கும் மென்றுகொண்டே போனேன். பாராட்டைத் தானே வைத்துக்கொண்டிருந்தால்கூட அவளைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். பாதியைப் பிய்த்து எனக்கும் நீட்டினாள். அதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, அரியலூரில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பெரம்பலூர் சென்டரில் என்னைத் தெரியும். அரியலூரில் தெரியாது. கடைவீதியில் ஒரு சென்டருக்குள் போய் உட்கார்ந்தேன். நானே அந்த வெப்சைட்டை எடுத்து, நானே வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு தப்பும் இல்லாமல் அச்செடுத்துக்கொண்டு போய் என் வகுப்பில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

திரையில் ஒரு பச்சைப் புல்வெளியும் நீல வானமும் இருந்தன. அதற்கு மேல் எங்கே தட்டவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் செய்தபோது எழுத்துக்களைத்தான் பார்த்தேனே தவிர, வழியைப் பார்க்கவில்லை. மவுஸை நகர்த்தினேன். அம்பு எங்கேயோ ஓடிப்போய் ஓரத்தில் ஒளிந்துகொண்டது.

"என்ன வேணும்ங்க மேடம்?" என்று சென்டர்காரர் திரையை விலக்கிக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. மெயில் பாக்கணும்" என்றேன்.

எனக்கு மெயிலே கிடையாது. அவர் போய்விட்டார். நான் அந்தப் புல்வெளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நேரம் முடிந்ததும் எழுந்து வந்தேன். "மெயில் வந்துச்சுங்களா?" என்று வாசலில் கேட்டார். வந்தது என்று தலையாட்டினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, அவளாக இருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். ரொம்பச் சின்ன வாக்கியம். அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோதுகூட எனக்குக் காது சூடானது.

இதெல்லாம்கூடப் பள்ளிக்கூட விஷயம். வீட்டுக்குள்ளும் வந்துவிட்டாள்.

என் மகள் பெரம்பலூரில் மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தாள். இங்கிலீஷ் டீச்சர் மகளுக்கு ஸ்பெல்லிங் வராது. டிக்டேஷன் என்றால் முதல்நாளே வயிற்றுவலி. நான் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் ஐந்தாவது வார்த்தையில் எனக்குக் குரல் ஏறும், ஆறாவதில் அவளுக்குக் கண் நிறையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டிக்கு அந்தப் பக்கத்துக்காரி எங்கள் வீட்டுக்கே வந்தாள். புதிதாக எடுத்த வார்த்தைகளை என்னிடம் சரிபார்க்க வந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் மகள் மறுநாள் டெஸ்டுக்குக் கிழமைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, புதன்கிழமைக்கு எனக்கும் வராது. நீ சொல்லித் தரியா?" என்ற குரல் கேட்டது.

"உங்களுக்குமா?"

"எனக்கு எப்பவுமே வராது. உங்கம்மாவத்தான் கேப்பேன். இப்ப அவங்க வேலையா இருக்காங்கல்ல."

மகள் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"இரு, இரு. நடுவுல இந்த டி எதுக்கு? கூப்பிடும்போது அது பேசவே இல்லையே."

பிறகு மகள் சொன்னாள்: "அது தூங்குது டீச்சர்."

"ஓஹோ! அப்ப எழுதும்போது எழுப்பணும்."

"எழுப்பக் கூடாது. படுத்திருக்குற மாதிரியே எழுதிரணும்."

கரண்டியோடு அப்படியே நின்றேன். என் மகள் ஒரு வார்த்தையைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வெளியே வந்து பார்த்தபோது மகள் அவள் மடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அவளுக்கு வியாழக்கிழமை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கேசரி கிண்டி எடுத்து வந்து வைத்தேன். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதுல இந்த வாசம் எப்படி டீச்சர் வருது?" என்றாள். "சும்மா ஏலக்காய்தான்" என்றேன். எல்லோரும் மலர்வது மாதிரி நானும் மலர்ந்திருக்கலாம். மகள் அவள் மடியைவிட்டு எழுந்திருக்கவில்லையே.

அவள் போனபிறகு மகள் கேட்டாள்: "அம்மா, அந்த டீச்சருக்குத் தெரியலன்னா கேக்குறாங்க. நீ ஏம்மா யாரையும் எதுவும் கேக்க மாட்டேங்கிற?"

"எனக்குத் தெரியும். அதனால கேக்கல" என்றேன்.

மகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியவில்லை. குழந்தைகள் பொய்யை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், சொல்லத்தான் மாட்டார்கள்.

கொஞ்ச நாளில் அவள் வகுப்பில் ஒரு பிள்ளை, "தமிழ் எழுத்து இப்படி படமா வராதா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறது. அவள் சென்டர்காரரைக் கேட்டாள், கணவரைக் கேட்டாள். இல்லை என்று தெரிந்தது. "இல்லன்னா நாமளே எடுப்போம்" என்று குன்னத்தில் கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டூடியோக்காரரிடம் போய்க் கேட்டாள். அந்த மனிதர் கேமராவைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்! பிள்ளைகள் எழுத்தைத் தேடினார்கள். சிமெண்ட் மூட்டையிலிருந்து சி. விதைப் பாக்கெட்டிலிருந்து வி. பஞ்சாயத்து ஆபீஸ் பலகையிலிருந்து ஞ்சா. ஏலாக்குறிச்சி பஸ்ஸின் நெற்றியிலிருந்து ஏ. அதற்காக டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு இறங்கி நின்று போஸ் கொடுத்தார். ஏகாரத்துக்குக் காலை இழுத்துவிட்டவர் அந்தக் காலத்தில் ஏலாக்குறிச்சியில் இருந்த வெள்ளைக்காரச் சாமியார்தான் என்று டிரைவரே பிள்ளைகளுக்குச் சொன்னாராம். அது தெரிந்திருந்தும் நான் என் வகுப்பில் சொன்னதில்லை.

அந்த நாட்களில் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கேட்கும் குரல் குறைந்துபோனது. தமிழுக்கு அவளுக்கு என் உதவி தேவைப்படவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இல்லை. பலகையில் எழுதும்போது நடுநடுவே நிறுத்தி, கேட்கிறாளா என்று காதைக் கொடுத்தேன்.

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாகப் போகிறது என்று பேச்சு வந்த வருடம் அது. அவள் மாமியார் வீடு ஜெயங்கொண்டத்தில். மாவட்டம் பிரிந்தபிறகு அந்தப் பக்கம் போவது கஷ்டம் என்று எல்லோரும் சொல்ல, முன்கூட்டியே மாறுதல் வாங்கிக்கொண்டாள். கடைசி நாளில் பிள்ளைகள் அழுதார்கள். எச்.எம். சார் பேசும்போது கண்ணாடியைக் கழற்றினார். "போயிட்டு வரேன் டீச்சர்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "போயிட்டு வாங்க" என்றேன். பஸ் கிளம்பிய பிறகு எனக்கு மூச்சு லேசாக வந்தது. இனிமேல் என் வகுப்பு என் வகுப்பு, என் மகள் என் மகள்.

அடுத்து மூன்றாம் வகுப்புக்கு வந்தவர் ரொம்ப அமைதியான மனிதர். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராது.

மாவட்டம் பிரிந்து கொஞ்ச நாளில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அரியலூர் போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் அவள் முதுகைப் பார்த்தேன். பின்னலைப் பார்த்தே தெரிந்துவிட்டது. கையில் சுருட்டிய சார்ட்டுகள். பக்கத்தில் உயரமாக, கண்ணாடி போட்ட இன்னொரு டீச்சர். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கிட்டே போனேன். தோளைத் தொடக் கையை நீட்டினேன்.

"லைப்ரரியில ஆர் எத்தினி வரும் டீச்சர்? எனக்கு எப்பவும் ஒண்ணு கொறையும்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரெண்டு. என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"ரெண்டு" என்றாள் அந்த உயரமான டீச்சர்.

இத்தனை வருடம் நான் பட்ட பொறாமையெல்லாம் ஒரு பக்கம், அந்த ஒரு நொடியில் பட்டது ஒரு பக்கம். அவளைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை. அந்தக் கண்ணாடிக்காரியைப் பார்த்து.

அவள் திரும்பினாள். "டீச்சர்!" என்று கூவிக்கொண்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது, மகள் எப்படிப் படிக்கிறாள், எச்.எம். சார் சௌக்கியமா, அந்த வடைப் பெண் இப்போது உங்கள் வகுப்பா என்று ஒரே மூச்சில் கேட்டாள். பக்கத்தில் இருந்தவளிடம், "நான் சொல்லுவேன்ல, இவங்கதான்" என்றாள். அந்த டீச்சர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அதற்குள் ஜெயங்கொண்டம் பஸ் வந்துவிட்டது. இரண்டு பேரும் சார்ட்டுகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் திரும்பும்போது அவள் எனக்குக் கையாட்டினாள். ஆட்டிக்கொண்டே பக்கத்தில் திரும்பி அந்த டீச்சரிடம் ஏதோ கேட்டாள். அந்த டீச்சர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னேன், அவளைப் பார்த்தேன் என்று. புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்னையக் கேட்டாங்களாம்மா?"

"கேட்டாங்க. நல்லா படிக்கிறியான்னு கேட்டாங்க."

"உன்னைய என்ன கேட்டாங்க?"

"சௌக்கியமான்னு."

"ஸ்பெல்லிங்?"

பையை ஆணியில் மாட்டினேன். முகம் கழுவத் தண்ணீர் எடுக்கப் போனேன். மகள் விடாமல் பின்னாலேயே வந்து நின்றாள்.

"கேக்கல" என்றேன்.